கப்பலை இறக்கக் கூடாது

பாதியில் நிறுத்துகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால்கூட முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். அதனால் போன மாதம் என் மகள், தனக்குப் பிடித்த விண்வெளித் தொடரை டிவிக்காரர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று புலம்பியபோது, அவளைவிட எனக்குத்தான் அதிகம் கோபம் வந்தது. பார்த்தவர்களே இப்போது ஆளாளுக்கு மீதிக் கதையை எழுதிப் போடுகிறார்களாம். "இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டாள். எனக்கா புரியாது? அவள் பிறப்பதற்கு முன்பே, எழுபதுகளில், சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் ஒரு விண்கப்பலை மாதக்கணக்கில் கீழே இறங்கவிடாமல் ஓட்டியவர்கள் நாங்கள்.

எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், அப்போது டிவியை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ரேடியோ இருந்தது, அதுவும் எதிர்வீட்டு மதினியிடம் மட்டும். மதினி என்றால் ரத்த சொந்தம் இல்லை. அவள் புருஷனை நான் அண்ணன் என்று கூப்பிட்டேன், அதனால் அவள் மதினி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ரேடியோவில் ஒரு நாடகம் வரும். ஒரு கேப்டனும் சில ஆட்களும் விண்கப்பலில் ஏறி, நட்சத்திரங்களுக்கு நடுவே வழி தவறி, பூமிக்குத் திரும்பப் பாடுபடுகிற கதை. மதினி வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. வாசலில், ஜன்னலில், அடுப்படியில் என்று உட்கார்ந்து கேட்போம்.

கேட்க ஆரம்பித்த சமயம் மதினி முழுகாமல் இருந்தாள். அதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இரண்டு தடவையும் மேட்டுக் காட்டில் கொழுந்து எடுக்கப் போய் வந்த பிறகுதான் கலைந்தது. இந்தத் தடவை எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸம்மா தன் மலையாளத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "பிரசவம் வரெ அனங்ஙாதெ கெடக்கணும்." அசையாமல் கிடப்பதா? மதினியா? காய்ச்சல் அடித்தால்கூடக் கூடையைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நிற்கிற ஜென்மம் அது. அவளைப் படுக்கையில் பிடித்து வைத்திருந்தது அந்த நாடகம்தான். அடுத்த ஞாயிறு என்ன ஆகுமோ என்று யோசித்தே ஒரு வாரத்தை ஓட்டிவிடுவாள்.

அதைத்தான் ரேடியோக்காரர்கள் நிறுத்தினார்கள். கப்பலில் எரிபொருள் தீர்ந்து, கேப்டன் ஒரு கயிற்றைப் பிடித்தபடி கப்பலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டால், நெற்பயிருக்கு எப்போது உரம் போடலாம் என்று ஒருவர் நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். தேயிலைக் காட்டில் இருக்கிற எங்களுக்கு நெல்லும் உரமும் எதற்கு? மதினி ரேடியோவை அணைத்தாள். "சரி, இனிமே சும்மா கெடந்து என்ன செய்ய? நாளைக்கு நானும் வேலைக்கு வாரேன்" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. "நாடகம் நிக்கல மதினி, மலைக்கு இந்தப் பக்கம் ரேடியோ எடுக்கலையாம். அந்தப் பக்கத்து ஆளுங்க கேட்டு வந்து சொல்லுவாங்க, நான் தெனமும் வந்து சொல்றேன்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் "அப்ப அந்தக் கேப்டனை மொதல்ல உள்ள ஏத்துங்கட்டி, கை வலிக்கும்" என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காட்டில் விஷயத்தைச் சொன்னேன். கொழுந்து எடுக்கும்போது ஆளுக்கு ஒரு நிரை. யார் தன் நிரையை முதலில் முடித்து மேலே ஏறுகிறாளோ, அன்றைய கதையை அவள்தான் சொல்ல வேண்டும் என்று முடிவானது. மற்றவர்கள் கேட்டுக்கொண்டே எடுக்க வேண்டும், சாயங்காலம் நான் மதினியிடம் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு சட்டம். அதைப் போட்டது எங்கள் யூனியன் அக்கா. அவள் குரல் மூடுபனியைத் தாண்டி அடுத்த மலைக்குக் கேட்கும். "புள்ள பொறக்குற வரைக்கும் எவளும் கப்பல எறக்கக் கூடாது. எறக்குனா அவ எந்திரிச்சு வந்துருவா."

அப்புறம் பாருங்கள் கொண்டாட்டத்தை. கதை சொல்லும் ஆசையில் எல்லோருக்கும் கை பறந்தது. திடீரென்று கொழுந்து ஏன் இவ்வளவு வருகிறது என்று சூப்பர்வைசருக்கு ஒரே குழப்பம். எங்களில் யாரும் கப்பலையும் பார்த்ததில்லை, கடலையும் பார்த்ததில்லை. பார்த்த பெரிய கட்டடம் தேயிலை ஃபேக்டரி ஒன்றுதான். ஆகவே விண்கப்பலுக்குள் பாய்லர் வந்தது. எரிபொருள் தீர்ந்த பிரச்சினையை யூனியன் அக்கா ஒரே நாளில் தீர்த்துவைத்தாள்: காடு இருக்கிற ஒரு சந்திரனில் ஓரமாக நிறுத்தி விறகு வெட்டி ஏற்றிக்கொண்டார்கள். எங்கள் எஸ்டேட்டைப் போலவே, தினமும் காலையில் கேப்டன் எல்லோரையும் பெரட்டுக் களத்தில் நிறுத்தி ஆள் கணக்கு எடுத்தார். ஒரு தடவை சம்பளத்தோடு லீவு கேட்டுக் கப்பலில் வேலைநிறுத்தம்கூட நடந்தது. கேப்டன் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்த அன்று காட்டில் கைதட்டல். மதினி கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வைக்காதட்டி, நர்ஸம்மா வையும்" என்பாள், உடனே "அப்புறம்?" என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதைக்கு வந்து சேர்ந்தாள் ஒரு சின்னப் பெண். சாந்தன்பாறையில் அக்கா வீட்டு ஏலக்காட்டுக்குப் போயிருந்தவள், திரும்பி வந்தவுடன் இரண்டு நாள் கதையைக் கேட்டாள். சட்டம் போட்டது அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதினியைப் பார்க்கப் போனவள், படுத்துக் கிடக்கிறவளுக்கு ஒரு சந்தோஷம் கொடுப்போமே என்று, கப்பலைப் பத்திரமாகப் பூமியில் இறக்கிவிட்டு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை விடியலில் கதவைத் திறக்கிறேன், எதிரே மதினி. இடுப்பில் வேலைக்குக் கட்டுகிற படங்குச் சாக்கு, முதுகில் கூடை.

"கப்பல் எறங்கிருச்சாம்ல. கதையும் முடிஞ்சது. வா, போவோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சின்னப் பெண் அப்போது கையில் கிடைத்திருந்தால் அவ்வளவுதான். ஆனால் கோபத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அன்றைக்கு எங்களுக்குப் போட்டிருந்தது அதே மேட்டுக் காடு. என்ன சொல்வது என்று தெரியாமலே வாயைத் திறந்தேன்.

"எறங்குனது உண்மைதான் மதினி. ஆனா அது பூமி இல்ல."

"பின்ன?"

"பூமி மாதிரியே வேற ஒண்ணு. தேயிலை இருக்கு, லயம் இருக்கு, பனி இருக்கு. கேப்டனே ஏமாந்துட்டாரு. ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு கிள்ளிக் கூடைய நெரப்பி எடைக்குக் கொண்டு போறாரு..."

"போயி?"

"தராசுல என்ன இருக்கோ அதை அப்படியே எழுதுறாங்க மதினி. கழிவே இல்ல."

எங்கள் எஸ்டேட்டில் வெயில் காய்கிற நாளிலும் கொழுந்து ஈரம் என்று எடையில் கழிப்பார்கள். கூடைக்கு என்று தனியாக ஒன்று கழிப்பார்கள். ஏன் என்று கேட்டால் முறைப்பார்கள். இதற்கு வெளியே ஒரு எடையை நாங்கள் யாரும் கண்டதில்லை.

"ஈரத்துக்குக் கழிக்கலையா?"

"இல்ல."

"கூடைக்கு?"

"கூடைக்கும் இல்ல."

"அடப் பாவிங்களா, அப்ப அது எப்படிப் பூமி ஆகும்!" என்று கூடையை இறக்கிக் கீழே வைத்தாள். "சீக்கிரம் கப்பலக் கெளப்பச் சொல்லுட்டி. நான் போய்ப் படுக்கிறேன்." அவள் போய்ப் பாயில் படுக்கிற வரைக்கும் நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சின்னப் பெண் விஷயம் தெரிந்து அழுதாள். யூனியன் அக்கா அவளைத் தேற்றி, கப்பலை மறுபடி கிளப்பும் பொறுப்பையும் அவளுக்கே கொடுத்தாள். அதன்பின் எங்கள் எல்லோரையும்விட அவள்தான் கப்பலை வெகுதூரம் கொண்டு போனாள்.

ஒரு நாள் காலை மதினியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அன்று யாரும் கதை சொல்லவில்லை. மத்தியானம் கொழுந்து ஏற்ற வந்த லாரி டிரைவர் கீழேயிருந்தே கத்தினார்: "பொம்பளப்புள்ள! ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்க!" மலை முழுக்கக் குலவைச் சத்தம். நான் கூடையைக்கூட இறக்காமல் அதே லாரியில் தொற்றிக்கொண்டு போனேன்.

மதினி வெளுத்துப் போய்க் கிடந்தாள். பக்கத்தில் துணிச் சுருளுக்குள் சிவப்பாக ஒரு முகம். என்னைப் பார்த்ததும் கேட்டாள்:

"ஏட்டி, கப்பல் எறங்கிருச்சா?"

"இன்னைக்குக் காலையிலதான் மதினி. நம்ம பெரட்டுக் களத்துலயே எறங்கிருச்சு."

"நல்லாப் பாத்தீங்களா? போன தடவ மாதிரி ஏமாந்துறப் போறீங்க."

"பாத்தோம். கேப்டன் கொழுந்தத் தராசுல வச்சாரு. ஈரத்துக்குக் கழிச்சாங்க, கூடைக்குக் கழிச்சாங்க. ஏன்னு கேட்டதுக்கு மொறச்சாங்க."

மதினி சிரித்தாள். பிறகு குழந்தையின் பக்கம் திரும்பி, அதன் காதோரம் துணியை விலக்கினாள்.

"அப்ப நம்ம ஊருதான்" என்றாள் அதனிடம். "வந்து சேந்துட்ட கண்ணு."