சக்கரத்துக்கு ஒரு கல்

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். இதை நான் ஒளிப்பதில்லை. மலேசியாவில், ரவாங்கில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுவுக்குப் பன்னிரண்டு வருடமாக நான்தான் செயலாளர். கோபம் வராத ஆள் அந்த வேலையில் பன்னிரண்டு நாள்கூடத் தாங்க மாட்டார். இந்த டொரீன் வருகிறாள் என்றால் பாதிப் பேர் படியில் ஒதுங்குவார்கள், மீதிப் பேர் போனைக் காதில் வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட என் வாயையே ஒருத்தி அடைத்தாள். அவள் பெயர் பிரேமலா. நாலாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறாள், பள்ளி வேன் ஓட்டுகிறாள்.

அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எங்கள் இடத்து வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மொத்தம் நூற்று அறுபது வீடு. கட்டியவன் வீட்டுக்கு ஒரு கார் என்று நினைத்து நூற்று அறுபது பார்க்கிங் போட்டான். இப்போது வீட்டுக்கு இரண்டு கார், சில வீடுகளில் மூன்று. இடம் கிடைக்காதவர்கள், கோட்டுக்குள் நிற்கும் கார்களுக்குக் குறுக்கே தங்கள் காரை நிறுத்துவார்கள். அப்படி நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது, கியரை நியூட்ரலில் விட்டுவிட்டுப் போக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் வெளியே வரும்போது குறுக்கே நிற்பதைக் கையால் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்வார். எங்கள் பிளாட்டில் கார் தள்ளாமல் வேலைக்குப் போனவர் யாரும் இல்லை. சேலை கட்டியவரும் தள்ளுவார், கோட்டு போட்டவரும் தள்ளுவார். இது எந்த நோட்டீஸிலும் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

பிரேமலாவுக்குத் தெரியாது.

அவள் ஒரு சனிக்கிழமை குடி வந்தாள். மறுநாள் ஞாயிறு. மாதா கோயிலில் ஏழு மணிப் பூசைக்குப் பாடகர் குழுவில் நான் பாட வேண்டும். ஆறே காலுக்குக் கீழே இறங்கினால் என் மைவி காருக்குக் குறுக்கே ஒரு மஞ்சள் வேன். என் காருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இரண்டு கார்களுக்கும் சேர்த்து. சரி, தள்ளலாம் என்று கை வைத்தேன். அசையவில்லை. காவலாளி சன்னாசியைக் கூப்பிட்டேன். அவரும் வந்து தள்ளினார். காலை நடைக்கு வந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் சேர்ந்து தள்ளினார்கள். நாலு பேருக்கும் மூச்சு வாங்கியதுதான் மிச்சம். சன்னாசி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா, சக்கரத்துக்குப் பின்னால கல்லு வச்சிருக்காங்க."

"என்னா வச்சிருக்காங்க?"

"கல்லுக்கா. தேங்கா அளவு இருக்கு."

கல்லை எடுத்தோம். அப்போதும் அசையவில்லை. ஹேண்ட் பிரேக்கும் போட்டு, கியரிலும் விட்டிருந்தாள் மகராசி. வாடகைக் காரைக் கூப்பிட்டு நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிரியார் பிரசங்கத்தில் இருந்தார். பாடகர் குழுவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

பூசை முடிந்து வந்தபோது அவள் பாசார் சந்தையிலிருந்து கீரைக்கட்டும் மீனுமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். வயது முப்பத்தாறு இருக்கும். குள்ளமாக, உருண்டையாக, சிரித்த முகமாக. நான் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணை அகல விரித்தாள்.

"வண்டிய நியூட்ரல்ல வுட்டுட்டு, பிரேக்கும் போடாம, எறங்கிப் போயிடுவீங்களாக்கா? ஓடிடாதா?"

"எங்கடி ஓடும்? தரை சமமாத்தானே இருக்கு?"

"எங்க தோட்டத்துல அப்படி வுட்டா, வண்டிய பத்தாங் காலி டவுன்ல போய்த்தான் எடுக்கணும்."

அவள் பிறந்தது பத்தாங் காலிக்கு மேலே மலைச் சரிவில் இருந்த ஒரு ரப்பர் தோட்டம். தொழிலாளர் லயத்து வாசலே சரிவுதானாம். அவளுடைய அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். அங்கே வண்டியை நிறுத்தினால் கியர், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு ஒரு கல் என்று மூன்றும் சேர்ந்தால்தான் நிறுத்தினதாக அர்த்தம். கல் வைக்காமல் இறங்கியவனை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் எல்லார் முன்னாலும் திட்டுவாராம். அந்தக் கைப்பழக்கம் இவளுக்கும் வந்துவிட்டது. பத்து வருடம் ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். பிறகு ஒரு சீனக் கிழவருடைய பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. கிழவருக்குக் கண் மங்கியதும் வேனை இவளே எடுத்துக்கொண்டாள். பத்தாங் காலி ஆற்றங்கரையில் பொறுக்கிய அந்தக் கல்லையும் வேனில் போட்டுக்கொண்டாள். கணவனுக்கு ஜொகூரில் துறைமுக வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவான்.

"ஒன் வீட்டுக்கு ஒரு பார்க்கிங் இருக்கணுமே, அது எங்க?" என்று கேட்டேன்.

அதுதான் சங்கதி. வீட்டைக் காட்டும்போது ஓனர் "பார்க்கிங் இருக்கு" என்றாராம். இருந்தது உண்மைதான், ஆனால் அதை இரண்டு மாதத்துக்கு முன்பே அடுத்த பிளாக் ஆள் ஒருவருக்குத் தனியாக வாடகைக்கு விட்டிருந்தார். போன் பண்ணினால் "கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்பதோடு சரி. என் கோபம் சட்டென்று ஆள் மாறியது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே. வேனைக் குறுக்கே நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

பாவம், அவளும் பழகிப் பார்த்தாள். இரண்டு நாள் நியூட்ரலில் விட்டுவிட்டு மேலே போனாள். மனசு கேட்காமல் அரை மணிக்கு ஒருமுறை நாலு மாடி இறங்கி வந்து வேன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் அவளையும் அறியாமல் கை கல்லை வைத்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்குக் கல்லைப் பற்றி மட்டும் நாற்பது செய்தி. அதற்குப் பிறகு வெளியே இடம் தேடினாள். கடை வரிசையில் நிறுத்தினால் கடைக்காரர் விரட்டினார். சாலையோரம் நிறுத்தினால் நகராண்மைக் கழகத்தின் சம்மன். கடைசியில் ரயில் நிலையத்தைத் தாண்டி ஒரு காலி நிலத்தில் இடம் கிடைத்தது. இருபது நிமிட நடை. அவள் வேன் எடுக்க வேண்டியது விடியற்காலை ஐந்தேகாலுக்கு. அந்த இருட்டில் நாய்களுக்கு நடுவே குடையை ஓங்கிக்கொண்டு போவாள். ஒருநாள் நாய்கள் வழி விடவில்லை. பதினேழு பிள்ளைகளும் பள்ளிக்குத் தாமதம். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு வேன் பார்த்துக்கொள்வோம் என்று பெற்றோர்கள் சொல்லிவிட்டார்கள். பயந்துபோய்ச் சில இரவு வேனை மறுபடியும் எங்கள் பிளாட்டிலேயே குறுக்கே நிறுத்தினாள்.

எங்கள் தலைவர் பவனேஷ், முப்பத்திரண்டு வயசுப் பையன், எதையும் போனிலேயே முடிப்பவன். அவன் கெடு வைத்தான். மாதக் கடைசிக்குள் வேனுக்கு நிலையான இடம் காட்ட வேண்டும், அதற்குப் பிறகு குறுக்கே நின்றால் சக்கரத்துக்குப் பூட்டு. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். கொடுக்கப் போனபோது அவள் வாசித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"வேன் நிக்க எடம் இல்லேன்னா நானும் இங்க இருக்க முடியாதுக்கா. இந்தப் பக்கத்துப் புள்ளைங்கள வுட்டா எனக்குப் பொழப்பு இல்ல" என்றாள். பிறகு, "தே குடிக்கிறீங்களா?" என்றாள்.

கடிதம் கொடுக்கப் போனவளுக்குத் தேநீர். நான் குடித்தேன், வேறு என்ன செய்ய. அடுத்த நாளிலிருந்து, ஐந்து மணிக்கு அவள் படி இறங்கும் சத்தம் எனக்குத் தானாகவே கேட்கத் தொடங்கிவிட்டது.

மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது, குப்பை கொட்டப் போனவள் நேராக என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, பின்னால பழைய குப்பை வீட்டுக்கு ஏறுற மேடு சும்மா கெடக்குதே. அங்க நிறுத்தலாமா?"

அந்த மேட்டை நான் மறக்க நினைத்த இடம் என்று சொல்லலாம். முன்பு குப்பை லோரி ஏறுவதற்காகப் போட்ட சிமெண்டுச் சரிவு அது. குப்பை வீட்டை முன்பக்கம் மாற்றிய பிறகு எதற்கும் பயன்படவில்லை. சரிவின் கீழே ஆழமான கால்வாய். மேட்டின் இரு முனையிலும் சிவப்பு வெள்ளை நாடா கட்டி, "இங்கே வாகனம் நிற்காது" என்று எழுதித் தொங்கவிட்டிருந்தது.

"அங்க நிக்காது" என்றேன்.

"ஏன் நிக்காது?"

"நிக்காதுன்னா நிக்காது. போர்டு பாக்கல?"

"பாத்தேன். யாருக்கா எழுதினது?"

நான் கதவைச் சாத்தப் போனேன். ஆனால் தண்ணீர் மோட்டாரைப் பார்க்க மாடி ஏறிய சன்னாசிக்கு அந்த நேரம்தானா அங்கே நிற்க வேண்டும்? மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அக்காதான் எழுதுனாங்க. அஞ்சு வருஷத்துக்கு மின்ன அங்க காரை நிறுத்திட்டு, பழக்க தோஷத்துல நியூட்ரல்ல வுட்டுட்டுப் போயிட்டாங்க. கார் நேரா கீழ லோங்காங் கால்வாயில. எடுக்க கிரேன் வந்துச்சு லா."

மூக்கு உடைந்தது எனக்கு. பிரேமலா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. கடைசியில் எனக்கே சிரிப்பு வந்தது. ஐந்து வருடமாக அந்த மேட்டின் மேல் நான் வைத்திருந்த கோபம் முழுக்க என் மேலேயே வைத்திருக்க வேண்டியது.

"சரிடி. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி வரேன். எல்லாரு முன்னாலயும் நிறுத்திக் காட்டு. நின்னா ஒனக்கு. நிக்கலேன்னா எனக்குத் தெரியாது."

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பாதி பிளாட் பின்னால் கூடிவிட்டது. யாரோ நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கூட வாங்கி வந்திருந்தார்கள். பவனேஷ் போனில் படம் எடுத்துக்கொண்டே, "சேஃப்டி ஃபர்ஸ்ட், யாரும் கீழ கால்வா பக்கம் நிக்காதீங்க" என்றான். பிரேமலா வேனை முன்பக்கம் மேட்டை நோக்கி ஏற்றினாள். நிறுத்தினாள். ஸ்டியரிங்கைத் திருப்பிச் சக்கரத்தை ஓரத்துச் சிமெண்டுக் கட்டையில் சாய்த்தாள். கியர் போட்டாள், ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். இறங்கி, சீட்டுக்கு அடியிலிருந்து கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்குக் கீழ்ப்புறம் வைத்துக் காலால் ஓர் எத்து எத்தினாள். பிறகு கையைத் தட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை. முதல் தடவையாக அவள் பயந்து பார்த்தேன்.

"தள்ளிப் பாருங்க" என்றாள்.

தள்ளுவதற்கு எங்கள் பிளாட்டுக்காரர்களிடம் சொல்ல வேண்டுமா? வருடக்கணக்காகத் தள்ளித் தள்ளிக் காய்த்த கைகள். நாலு பேர் முன்பக்கத்தில் கை வைத்துச் சரிவை நோக்கித் தள்ளினார்கள். வேன் நின்றது. பவனேஷ் போனைப் பைக்குள் போட்டுவிட்டு வந்து சேர்ந்தான். வேன் நின்றது. நான் கைப்பையைச் சன்னாசியிடம் கொடுத்துவிட்டு, பூசைக்குக் கட்டிய பட்டுச் சேலையைச் சொருகிக்கொண்டு தோள் கொடுத்தேன். என் தோளைப் பற்றி எனக்குத் தெரியும், நான் ஒன்றும் இளைத்தவள் இல்லை. எட்டுப் பேர் பல்லைக் கடித்துத் தள்ளினோம். வேன் ஓர் அங்குலம் நகரவில்லை. யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். பிரேமலா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். சந்தோஷ அழுகைதான்.

நாடாவை நானே கத்தரித்தேன். அன்று மாலை குழு கூடி, அந்த மேட்டை அவள் வேனுக்கு ஒதுக்குவது என்று ஒருமனதாக முடிவு செய்தது. பார்க்கிங் பதிவேட்டை விரித்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண், அதற்கு எதிரே உரிமையாளர் பெயர், அதற்கடுத்து வாடகைக்காரர் பெயர். மேட்டுக்கு எண் இல்லை, நூற்று அறுபத்தொன்று என்று போட்டேன். உரிமையாளர் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த பிரேமலா எட்டிப் பார்த்தாள்.

"அது யாருதுக்கா?"

"யாருதும் இல்ல."

"லயத்து வீடு கம்பெனியோடது. இந்த வீடு ஓனரோடது. வேன் நிறுத்துன எடம் எல்லாம் யாரோ ஒருத்தரோடது" என்றாள் மெதுவாக. குறையாகச் சொல்லவில்லை, வேனில் ஏறும் பிள்ளைகளின் பெயரை வரிசையாகச் சொல்வது போலச் சொன்னாள்.

நான் உரிமையாளர் கட்டத்தில் பிரேமலா என்று எழுதினேன். பவனேஷ் கழுத்தை நீட்டினான்.

"ஆண்ட்டி, அவங்க டெனன்ட். தப்பான கட்டத்துல எழுதிட்டீங்க."

"தெரியும். பேனால எழுதிட்டேன், அழிக்க முடியாது. நீ கையெழுத்துப் போடு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். போட்டான்.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, நானும் அவளும் மேட்டோரம் நின்று பேசிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. வீட்டு ஓனர். அடுத்த பிளாக் ஆள் காலி பண்ணிவிட்டாராம், பார்க்கிங் இப்போது இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாமாம். அவள் கல்லைக் காலால் ஓர் எத்து எத்திச் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

"வேணாங்க சார்" என்றாள். "எனக்குச் சொந்தமா எடம் இருக்கு."