குடையும் டப்பாவும்

உங்கள் வாஷிங் மெஷின் எப்போதாவது தண்ணீரை வெளியே விடாமல் முரண்டு பிடித்து, நீங்களும் கோபத்தோடு அந்தக் கம்பெனியின் சாட்டுக்குள் போய் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால், நீங்கள் திட்டியது அநேகமாக என் வீட்டுக்காரரைத்தான். "நீ மனுஷனா மெஷினா?" என்று கேட்டிருந்தால், "மனிதர்தான், தங்களுக்கு உதவக் காத்திருக்கிறேன்" என்று பதில் வந்திருக்கும். அதில் மனிதர் என்பது உண்மை. காத்திருக்கிறேன் என்பது சுத்தப் பொய். அதே நேரத்தில் இன்னும் இரண்டு மூன்று பேர் திரையில் வேறு வேறு சன்னல்களில் அவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். பதில் கொஞ்சம் தாமதமானால் திரையின் மூலையில் சிவப்பு வட்டம் வந்துவிடும். எதிராளி எழுதுவதை நிறுத்திவிட்டால், "இன்னும் இருக்கிறீர்களா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுச் சன்னலை மூடிவிட வேண்டும். அதுதான் அங்கே சட்டம்.

இப்போதெல்லாம் பதிலையும் கம்ப்யூட்டரே எழுதிக் கொடுத்துவிடுகிறதாம். இவர் படித்துப் பார்த்து அமுக்க வேண்டியதுதான். "அப்ப வேலை குறைஞ்சிருக்குமே?" என்று கேட்டேன். "சன்னலைக் கூட்டிட்டாங்க" என்றார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது, மெஷினில் போட்டுப் பிழிந்த துணி மாதிரி இருப்பார். செருப்பைக்கூட ஜோடியாக விடத் தெம்பு இருக்காது.

எனக்கும் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. "எது தெளிவா இருக்கு, முதல்ல காட்டினதா, இப்ப காட்டுறதா?" என்று கேட்டுக் கேட்டு வாய் வலிக்கும். ஆக வீட்டில் இரண்டு பேருக்கும் பேசச் சக்தி கிடையாது. கல்லூரிக்குப் போகிற மகளோ காதில் எதையோ செருகிக்கொண்டு வேறு உலகத்தில் இருப்பாள். சண்டை போடக்கூட ஆளில்லாத வீடு எங்களுடையது.

ஆனால் அந்த மனிதருக்கு வாரத்தில் ஒருநாள் உயிர் வரும். அதற்குக் காரணம் ஒரு பொம்மைப் படம். அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "அது அனிமே" என்பார். ஆகாயத்தில் தோணி ஓட்டுகிற ஒரு பெண். சின்ன வயதில் ஏதோ ஒரு துறைமுகத்தில் தன் அண்ணனைத் தொலைத்துவிட்டாள். நீலச் சட்டை போட்ட அண்ணன். அவனைத் தேடி மேகம் மேகமாகத் துடுப்புப் போடுகிறாள். எங்களுக்குக் கல்யாணமான காலத்தில் போட ஆரம்பித்தாள், மகள் கல்லூரிக்குப் போன பிறகும் போட்டுக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணுக்குக் கை வலிக்காதா?" என்று கேட்டால் சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

இதற்குத் தமிழில் வசனம் போடுகிற கும்பல் ஒன்று இணையத்தில் இருந்தது. காசு பணம் எதுவும் கிடையாது, வெறும் ஆசை. யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஊர், வேலை, வயது எதையும் கேட்கக் கூடாது என்பது அவர்களுக்குள் வழக்கம். என் வீட்டுக்காரருக்கு அங்கே 'பழைய குடை' என்று பெயர். பெயர் வைத்தவர் யாரோ, நல்ல கண் உள்ளவர். இவர் வேலை, எழுத்து எந்த நொடியில் திரைக்கு வரவேண்டும், எந்த நொடியில் போகவேண்டும் என்று பார்ப்பது. வசனத்தை ஜப்பான் பாஷையிலிருந்து தமிழில் மாற்றுகிறவர் 'தகர டப்பா'.

போகப் போகக் கும்பல் கலைந்தது. சிலருக்குக் குழந்தை பிறந்தது, சிலருக்கு அலுத்துப்போனது. பிறகு மெஷினே வசனம் போட ஆரம்பித்தது. "அப்பா, இப்பல்லாம் யாரும் கையால பண்றதில்லப்பா. ஒரு பட்டனை அமுக்கினா வந்துடும்" என்று மகள் சொன்னாள். "அழுகையை அது வணக்கம்னு போடுது" என்றார் இவர். கடைசியில் மிஞ்சியது குடையும் டப்பாவும்தான். வேலை முடிந்ததும் இரண்டு ஊரில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் படத்தை ஓடவிடுவார்கள். 'மூணு, ரெண்டு, ஒண்ணு' என்று டப்பா தட்டி அனுப்புவார். ஒண்ணு வந்ததும் இவர் அமுக்குவார். அப்புறம் பார்த்துக்கொண்டே இருவரும் எதையாவது எழுதிச் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்த நேரத்தில்தான். எனக்குப் பொறாமைகூட உண்டு. இவ்வளவு வருஷத்தில் அவருக்கென்று இருந்த ஒரே சிநேகிதன் அந்த டப்பாதான், அவன் குரலைக்கூட இவர் கேட்டதில்லை.

ஒருவழியாகத் தோணி கரைக்கு வந்தது. கடைசி அத்தியாயம் வெளியாகி உலகமே பார்த்துவிட்டது. இவர்கள் மட்டும் பார்க்கவில்லை, ஏனென்றால் தமிழ் இன்னும் தயாராகவில்லை. டப்பா வீடு மாற்றுகிறாராம், கொஞ்சம் பொறு என்றாராம். அதுவரை முடிவு காதில் விழுந்துவிடக் கூடாதே என்று இவர் பட்ட பாடு இருக்கிறதே! நம் வீட்டு விசேஷத்துக்குக்கூட அவ்வளவு கவனம் எடுத்ததில்லை. போனில் ஏதோ ஒரு வசதி. சில வார்த்தைகளைக் கொடுத்துவிட்டால், அந்த வார்த்தை இருக்கிற எந்தச் செய்தியும் கண்ணில் படாமல் ஓர் ஓரத்தில் போய் ஒளிந்துகொள்ளும். தோணி, கடைசி, முடிவு, அண்ணன், எல்லாவற்றையும் போட்டார்.

"உங்க அண்ணன் ஏதாவது அனுப்பினா?" என்றேன்.

"அது பொதுக் குரூப்புக்கு மட்டும்தான். தனியா அனுப்புறது வரும்" என்றார். பெரிய விஞ்ஞானி மாதிரி சொன்னார், நானும் நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் அடுப்படியில் இருந்தேன். போனைத் தூக்கிக்கொண்டு பேயறைந்த மாதிரி ஓடி வந்தார்.

"சொல்லிட்டான்! பாவி, முடிவைச் சொல்லிட்டான்!"

"யாரு?"

"டப்பா! பாரு."

பார்த்தேன். டப்பா தனியாக அனுப்பியிருந்தார். 'வந்தாச்சு.' அதற்குக் கீழே, 'நீலச் சட்டை. கையில சாம்பல் கலர் பெட்டி.' அதற்கும் கீழே, 'ரெண்டாவது பிளாட்ஃபாரத்துல உட்கார்ந்திருக்கேன்.'

"அண்ணன் பேசுற வசனத்தை அப்படியே போட்டிருக்கான். அவன் திரும்பி வந்துட்டான்னு அர்த்தம். அதே நீலச் சட்டையில வந்து உட்கார்ந்திருக்கான். இவ்வளவு வருஷம் பொத்திப் பொத்தி வச்சதை இவனே..." என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் அங்கேயே நின்று படபடவென்று எழுதினார்: 'ஐயோ நிறுத்து. ஒண்ணும் சொல்லாதே. எனக்கு எதுவும் தெரிய வேண்டாம். நான் இன்னும் தயாரா இல்லை.'

ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. 'சரி குடை.' அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு டப்பாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. முதலில் இவர் முறுக்கிக்கொண்டார். "தப்பு அவன் பண்ணினான், அவனே பேசட்டும்." வாரம் ஓடியது. முறுக்கு இறங்கி ஒரு 'ஹலோ' அனுப்பினார். பதில் இல்லை. 'கோபமா?' என்று அனுப்பினார். அதற்கும் இல்லை. அதற்கப்புறம் வீட்டில் நடமாடியது மனிதர் இல்லை, சட்டை போட்ட நாற்காலி. சாப்பாட்டைப் பிசைந்தபடி எங்கேயோ பார்ப்பார். கடைசி அத்தியாயத்தைத் தனியாகப் பார்த்துத் தொலைக்க வேண்டியதுதானே என்றால், "அவன் இல்லாமலா?" என்பார். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எடுத்து நாலு அறை விடலாம் போலவும் இருந்தது.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் ஒரு பெரியவர் எல்லாக் கண்ணாடியையும் மாட்டிப் பார்த்துவிட்டு எதுவும் வாங்காமல் போன நாள். வீட்டுக்கு வந்தால் இவர் சோபாவில், போன் வயிற்றின் மேல், கண் கூரையில். எழுந்து குளிக்கப் போனதும் போனை எடுத்தேன். அந்தப் பாழாய்ப்போன முடிவு எங்கேயாவது ஒளிந்துகொண்டுதானே இருக்கும், நானே படித்து உரக்கச் சொல்லிவிட்டால் இந்த மூஞ்சித் தொங்கல் ஒரேயடியாக ஒழியும் என்று நினைத்தேன். தேடியதில், மறைத்த செய்திகள் என்று ஓர் இடம் இருந்தது. அமுக்கினேன்.

வரிசையாக டப்பாவின் செய்திகள், எல்லாம் தனியாக அனுப்பியவைதான்.

'குடை, ஒரு சேதி. வேலை கிடைச்சு வெளிநாட்டுக்குப் போறேன். இந்தப் பக்கம் வர்றது அநேகமா இதுதான் கடைசி.'

'நீ எந்த ஊருன்னு ஒரு தடவை வாய் தவறிச் சொல்லியிருக்கே. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அங்கதான் ரயில் மாறணும். சாயங்காலம் வரைக்கும் இருப்பேன். கடைசி அத்தியாயம் லேப்டாப்ல ரெடி. ஸ்டேஷன்லயே பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து பார்ப்போமா?'

'முன்னாடியே சொல்லிடறேன். எனக்குத் திக்குவாய். ஒரு வாக்கியத்தை நான் சொல்றதுக்குள்ள தோணி கரை சேர்ந்துடும். அதனாலதான் போன்ல பேசினதே இல்லை. பார்த்ததும் சங்கடப்படாதே.'

'உன் பதில் வரலைன்னாலும் இறங்குவேன். தோணிக்காரி பண்ணமாட்டாளா என்ன?'

அதற்கப்புறம்தான் 'வந்தாச்சு'. அதிலும் அதற்குக் கீழே இருந்த வரிகளிலும் மறைக்கிற மாதிரி எந்த வார்த்தையும் இல்லை. அதனால் அவை மட்டும் வந்து சேர்ந்திருக்கின்றன.

திக்குவாய் என்று வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே நீலச் சட்டையும் போட்டுக்கொண்டு, ஒரு மனிதன் முன்பின் தெரியாத ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குப் போன பதில், எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், நான் தயாராக இல்லை. எங்கள் வீட்டிலிருந்து அந்த ஸ்டேஷன் நடந்துபோகிற தூரம். ரயில் ஊதினால் அடுப்படிக்குக் கேட்கும். அன்றைக்கும் கேட்டிருக்கும்.

ஈரத் தலையோடு வந்தவரிடம் போனை நீட்டினேன். "படிங்க."

"முடிவு இருக்கா?"

"படிங்கன்னா படிங்க."

படித்தார். தலையிலிருந்து தண்ணீர் திரையில் சொட்டியது. துடைத்துத் துடைத்து மறுபடி படித்தார். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "நான் அவனை வேண்டாம்னு சொல்லிட்டேனே. அப்படித்தானே அவன் நினைச்சிருப்பான்" என்றார். துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினேன்.

மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்தார். இரண்டு எழுத்து அடித்ததுமே போன் மீதியைத் தானாக நிரப்பிக்கொண்டு வந்து நின்றது: 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம்.' ஆபீஸ் வேலைக்கும் இதே போன்தான், இத்தனை வருஷம் அவர் அடித்தடித்து அது கற்றுக்கொண்ட பாடம். அழித்தார். வேறு மாதிரி ஆரம்பித்தார். அதற்கும் ஏதோ ஒரு வாஷிங் மெஷின் வாக்கியம் வந்தது. போனைக் கட்டிலில் எறிந்துவிட்டார். "எனக்கு மன்னிப்புக் கேக்கவே வராது போலிருக்கு. நாள் பூரா அதைத்தான் பண்றேன்" என்றார்.

"போன் பண்ணுங்க."

"அவனுக்குப் பேச..."

"அவருக்குப் பேசுறதுதானே கஷ்டம்? உங்களுக்குக் கேக்கக் கஷ்டமா?"

என்னைப் பார்த்தார். பிறகு போனைக் கையில் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு அமுக்கினார். மணி போய்க்கொண்டே இருந்தது. டப்பா எடுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். எடுத்தார். ஆனால் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"டப்பா, நான் குடை" என்றார். அதற்குமேல் வாய் குழறிற்று. "நான் பார்க்கலடா. நீ வர்றேன்னு எழுதினது எதுவும் என் கண்ணுல படல. தோணிங்கிற வார்த்தையை மறைச்சு வச்சிருந்தேன். முடிவு தெரியக் கூடாதுன்னு. நீலச் சட்டைன்னதும் அண்ணன்காரன்தான் வந்துட்டான்னு... நீதான்னு எனக்குத் தெரியலடா. நான் ஒரு மடையன்."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம். பிறகு ஒரு சிரிப்பு, நடுவில் உடைந்த சிரிப்பு. அழுகையா சிரிப்பா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கொஞ்சம் கழித்துப் போனில் 'டிங்' என்றது. கடைசி அத்தியாயம் வந்திருந்தது. எழுத்து வந்துபோகிற நேரத்தை டப்பாவே தனியாகக் குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறார் என்பது அப்புறம் தெரிந்தது. ஸ்டேஷனில் பார்க்கப் போட்டது. வசனம் ஒரு பக்கம், வாயசைவு ஒரு பக்கம். இவர் அதில் ஒரு வரியைக்கூடத் திருத்தவில்லை.

லேப்டாப்பைத் திறந்து அமுக்குகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டார். "நீதான் எண்ணணும். எப்பவும் நீதானே" என்றார்.

"மூ..." என்றது போன். "மூ... மூ..."

நாமே சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். பார்க்காமலேயே கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"மூணு."

மறுபடி அமைதி. வாசலில் மகள் வந்து நின்றாள். காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, என்ன என்பது போல என்னைப் பார்த்தாள். நான் உதட்டில் விரலை வைத்தேன். "ரெ... ரெ..." என்று அந்தக் குரல் முட்டி மோதிக்கொண்டிருந்தது. நடுவில் சத்தம் அடியோடு நின்றுபோனது. இணைப்பே போய்விட்டதோ என்று நான் பயந்தேன். என் வீட்டுக்காரர், இன்னும் இருக்கிறாயா என்று கேட்கவில்லை. விரலை எடுக்காமல், அவசரமில்லாமல், அந்த மனிதர் காத்திருந்தார்.

"ரெண்டு" என்றது போன்.