ரோஜாப்பூவுக்குப் பின்னால் சாமை நிலம்

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். அப்பா, பழைய கல்யாண வீடியோ கேசட்டில் மாப்பிள்ளையாக நிற்கும் சித்தப்பா, வேலூரில் செல்போன் கடையில் வேலை செய்யும் மாமா மகன், நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். கேசட்டில் மணப்பெண்ணாக இருக்கும் சித்தியும் அம்மாவும் புளி தட்டப் போய்விட்டார்கள். போகும்போது சித்தி, "அத்துல ஒண்ணும் தெரியாது, வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். படிக்காதவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி வரை போனவன் நான். எனக்கு எல்லாம் தெரியும்.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் வன உரிமைக் குழு கூடுவதாக இருந்தது. சித்தப்பாவின் கல்யாணம் நடந்த ஒன்றரை ஏக்கர் சாமை நிலத்துக்கு எங்களிடம் ஒரு காகிதமும் கிடையாது. அரசு குறித்த தேதிக்கு முன்பிருந்தே அதை உழுதுவருகிறோம் என்று காட்டினால் பட்டாவுக்கு மனு மேலே போகும். காட்டாவிட்டால் அது காடு. ஊரில் வயதான இரண்டு பேரைச் சொல்லச் சொன்னால் போதும் என்றார் அப்பா. வாய்ச்சொல்லை யார் மதிப்பார்கள் என்று நான் மேதாவியாகப் பேசினேன். மலையில் அந்தக் காலத்தில் மண்டபம் ஏது? அறுவடை முடிந்த நிலத்திலேயே பந்தல் போட்டுக் கல்யாணம் செய்தார்கள். கல்யாணப் பத்திரிகையில் அரசு குறித்ததற்கு முந்தைய தேதி இருக்கிறது, வீடியோவில் நிலம் இருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

காவலூரில் ஒரு டிவி மெக்கானிக்கிடம் கேசட் போட்டுப் பார்க்கும் பழைய டெக்கை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். டெக்கிலிருந்து படத்தைக் கம்ப்யூட்டருக்குள் இழுக்கும் யூஎஸ்பி கருவியை மாமா மகன் வாங்கிவந்தான். விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு டப்பா, அதற்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை வால்கள். அட்டையில் 'எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடும்' என்று போட்டு, உள்ளே ஒரு சிடியும் வைத்திருந்தார்கள். பள்ளியில் அரசு கொடுத்த என் லேப்டாப்பில் சிடி போட ஓட்டையே கிடையாது. அதிலிருந்த விண்டோஸும் இதே மாமா மகன் கொண்டுவந்த பாட்டு பென்டிரைவிலிருந்த வைரஸால் என்றோ செத்துப்போயிருந்தது. கூடவே போட்டுக் கொடுத்திருந்த லினக்ஸ் மட்டும் உயிரோடு இருந்தது.

"மச்சான், விண்டோஸ் போட்டுக்கலாம். லினக்ஸுல எந்த மண்ணும் ஓடாது."

"கொன்னவனே வைத்தியம் சொல்றியா?" என்றேன்.

கேசட்டை டெக்கில் ஓடவிட்டு, கருவியை லேப்டாப்பில் செருகினேன். வீடியோ பிளேயரைத் திறந்தேன். திரையில் படம் வந்தது. நான்கு முகங்கள் எங்களையே உற்றுப் பார்த்தன.

சித்தப்பா கிட்டே வந்தார். "இன்னாடா, கல்யாணத்துல நான் இவ்ளோ கெழவனாவா இருந்தேன்?"

அது லேப்டாப்பின் சொந்தக் கேமரா. இரண்டாவது கருவியைத் தேர்ந்தெடுத்தேன். கும்மிருட்டு.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருக்கும் பாறை மேல் ஏறினால்தான் இண்டர்நெட். திரையில் வந்த பிழைகளைத் தாளில் எழுதிக்கொண்டு ஏறினேன். படித்தேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். அன்று மட்டும் ஐந்து முறை. அங்கே உட்கார்ந்து படித்ததில் தெரிந்தது இது: ஒரே டப்பா, ஒரே ஸ்டிக்கர், உள்ளே மட்டும் நாலைந்து வகை சிப்பு. எது நமக்கு வாய்க்கும் என்று விற்கிறவனுக்கே தெரியாது. லினக்ஸ் மேதைகள் கேட்டவனுக்கெல்லாம் ஒரே பதில் எழுதியிருந்தார்கள், 'வேறு நல்லது வாங்கு' என்று. பாறை மேல் குந்தியிருப்பவனுக்கு எவ்வளவு உதவியான பதில்.

ஆனால் என் லினக்ஸ் அந்தச் சிப்பை முதலிலேயே கண்டுகொண்டிருந்தது. அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் உள்ளேயே இருந்தது. அது படத்தை வேறு வாய் வழியாக எதிர்பார்த்துக்கொண்டிருந்ததுதான் கோளாறு. மஞ்சள் வால் இருக்கும் வழியைக் காட்டினேன். படம் வந்தது, கறுப்பு வெள்ளையில், ராட்டினம் போல் உருண்டுகொண்டு.

"டெக்கு பூட்ச்சி" என்றான் மாமா மகன்.

டெக் போகவில்லை. அந்த டப்பா அமெரிக்க டிவி முறையில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. நம் நாட்டு முறைக்கு மாற்ற ஒரு வரி கட்டளை, அவ்வளவுதான். தட்டினேன். படம் நின்றது, நிறம் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"சத்தம் எதுக்கு, நெலம் பேசப்போவுதா? வுடு" என்றார் அப்பா.

எல்லோரும் நிலத்தைப் பார்க்கக் குனிந்தோம். சித்தியும் சித்தப்பாவும் ஒரு பெரிய ரோஜாப்பூவுக்குள் நின்றார்கள். பூ சுழன்று தாஜ்மகால் ஆயிற்று. தாஜ்மகால் கரைந்து பனிமலை வந்தது. தாலி கட்டும்போது பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி. ஜவ்வாது மலையில் எடுத்த கல்யாணத்தில் ஜவ்வாது மலை மட்டும் இல்லை. மலையும் நிலமும் அசிங்கம் என்று அந்த வீடியோக்காரன் மொத்தத்தையும் மிக்ஸிங்கால் மூடிவிட்டிருந்தான்.

"சித்தி அப்பவே சொல்லிச்சே" என்றான் மாமா மகன். அவனை முறைப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

அப்பா மட்டும் அசையவில்லை. "ஓட்டு. மிக்ஸிங்குக்கு நிமிஷத்துக்கு இவ்ளோன்னு கேட்டான். தாலி கட்ற வரிக்கும் போதும்னு சொல்லிட்டேன்."

ஓட்டினேன். பந்தி தொடங்கியதும் பூக்கள் சட்டென்று நின்றுபோயின. இலைகளுக்குப் பின்னால் அறுத்த சாமைத் தாள், கலப்பை சாய்த்துவைத்த எங்கள் எல்லைப் பாறை, அதன் ஓரமாக முழங்கால் உயரத்தில் ஒரு புளியங்கன்று. இன்று அம்மாவும் சித்தியும் புளி தட்டப் போனது அந்த மரத்துக்குத்தான். மொத்தம் நாற்பது நொடி.

செவ்வாய்க்கிழமை குழுவில் அந்த நாற்பது நொடியை நான்கு முறை பார்த்தார்கள். இரண்டு முறை யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க. பிறகு குழுச் செயலாளர் கேட்டார்:

"சரிப்பா, இது அந்தப் பாறதான்னு யாரு சொல்றது?"

வயதான இரண்டு பேரை அழைத்து வந்தோம். பாறையைக் காட்டி, ஆமாம் என்றார்கள். ரேகை வைத்தார்கள். மனு மேலே அனுப்பத் தீர்மானம் ஆயிற்று. வீடியோவையும் கோப்போடு வைக்க ஒரு பென்டிரைவ் கேட்டார்கள், வாங்கிக் கொடுத்தேன்.

அப்பா சொன்ன வழிக்கு இரண்டு டீ ஆகியிருக்கும். டெக் வாடகை, கருவி, பெட்ரோல், பென்டிரைவ் எல்லாம் சேர்த்து என் வழிக்கு ஆனது இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.