ரெஜினாவின் மிளகாய்ப் பெட்டி

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகனுக்கு இப்போதுதான் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. நாலு வரிக்கு ஒருமுறை எழுந்து போய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். ரெஜினாவோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் நம் ஆய்வுக்கூடத்துச் சுந்தரம் சார் தொலைபேசியில் கூப்பிட்டார். "நம்ம ரெஜினா போயிட்டாம்மா. நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க, அதோட சரி" என்றார். என் வாயில் முதலில் வந்தது, "பெட்டியை யார் சார் பாக்குறாங்க?" என்பதுதான். அதற்கு அவர், "ஆள் கிடைக்கலைன்னா மாசக் கடைசியில நிறுத்திடுவாங்க" என்றார்.

பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பெட்டி என்பது துணி அலமாரி அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. விண்வெளியில் நெடுநாள் தங்குகிறவர்களுக்கு மூச்சுக்காற்றையும் சாப்பாட்டையும் செடிகளே தர முடியுமா என்று அதில் பார்த்தோம். ஒருமுறை மூடிவிட்டால் வெளிக்காற்று உள்ளே போகக் கூடாது. மற்ற நாடுகளில் கோதுமையும் உருளைக்கிழங்கும் வளர்த்தார்கள். ரெஜினா மிளகாயைப் பிடித்துக்கொண்டாள். "அதெல்லாம் வெள்ளைக்காரன் பாத்துக்கட்டும். காரமே இல்லாம எவன்டி அங்க ஒரு வருஷம் இருப்பான்?" என்பாள்.

மொட்டுவிட்ட செடிகளை உள்ளே வைத்து மூடும் நாள் அந்த வருடம் ஆயுத பூஜையாக அமைந்தது. தேக்கா சந்தையில் வாழைப்பழமும் பூவும் வாங்கி வந்து எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைத்தேன். பெட்டிக்குள்ளும் ஒரு சீப்புப் பழத்தை வைத்தேன். "வைடி, எங்க மாதா கோவிச்சுக்க மாட்டாங்க" என்று சிரித்தாள் ரெஜினா. பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்க எனக்கு மனம் வரவில்லை. கதவை மூடினார்கள். மூடியதைத் திறக்கவும் கூடாது. பழம் உள்ளேயே பழுத்தது. மிளகாய்ச் செடிகளின் பூ முழுக்க உதிர்ந்தது.

பழுக்கும் பழம் எத்திலீன் வாயுவை விடும், அது பூவை உதிர்க்கும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. "பூஜை போட்டுப் பூவைக் கொட்டினவ" என்று நீங்கள் எல்லோரும் என்னை எத்தனை நாள் கேலி செய்தீர்கள்! பெட்டியைக் கழுவி, அடுத்த செடிகளை வைத்தோம். அந்தப் பூக்களும் உதிர்ந்தன.

"மறுபடியும் பழம் வச்சியாலா?" என்று என்னைத்தான் கேட்டார்கள். ரெஜினா மட்டும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். "பழம்தான் இல்லையே. அப்ப இப்போ யாருடி வாயு விடுறது?"

செடிகளேதான். வயலில் என்றால் காற்று கொண்டுபோய்விடும். மூடிய கூண்டில் அது போக வழியில்லை. அந்த வாயுவை உறிஞ்சும் வடிகட்டியைப் பொருத்தினாள். பூ உதிராமல் நின்றது, காய் பிடித்தது. அவள் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போனபோது, பிள்ளைக்காக நான் வேலையை விட்டிருந்தேன். அவள் படம் வந்த பத்திரிகையை, ஒரு கையில் பால் புட்டியும் மறு கையில் அழுகிற பிள்ளையுமாக நின்று படித்தேன். வாழைப்பழம் என்னுடையது. கேள்வி அவளுடையது. அந்த ஒரு கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கிளமெண்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒருநாள் பிள்ளையைப் பார்க்க வந்தாள். அவன் முகத்தருகே குனிந்து, "இவன் விடுற மூச்சை எனக்குக் குடு, என் மிளகாய்க்குப் போதும்லா" என்றாள்.

"உனக்கென்ன, பெட்டியைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவே. எனக்கு எங்க பூட்டு?"

"நான் வீட்டுக்குப் போறேன்னு உனக்கு யார் சொன்னா? வாரத்துல ரெண்டு நாள் வாடி. கை போதலை."

"பிள்ளையை யார் பாத்துக்குவா?" என்றேன்.

மாதா கோவிலில் அவளைக் கடைசியாகப் பார்த்தபோது அழுதேன். அப்போதும் உள்ளுக்குள் பொறாமை குறையவில்லை. தனக்குப் பிடித்த வேலையில் கையை வைத்தபடியே போய்விட்டாள். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பொறாமைதான். அதை விடப் போவதில்லை. அது இல்லையென்றால் இதைக் கேட்கும் துணிச்சல் எனக்கு வந்திருக்காது.

பெட்டிக்குள் இப்போது நிற்பவை அங்கேயே விளைந்த விதையிலிருந்து வந்த செடிகள். காய் பழுத்து விதை எடுப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டால் எல்லாம் வீண். புக்கிட் மேராவிலிருந்து வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என் மாமியார் சம்மதித்துவிட்டார். அந்தச் செடிகளை நான் பார்க்கிறேன். உதவிக்கு அல்ல, பொறுப்பாக. துறைத்தலைவரிடம் உங்களில் யார் எனக்காகப் பேசுவீர்கள்? மாதம் முடிவதற்குள் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.