மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த இத்தாலிப் பந்தயக் கார்

வண்டி ஓடாவிட்டால் திட்டு மெக்கானிக்குக்கு, ஓடினால் பாராட்டு டிரைவருக்கு என்பதுதான் எங்கள் தொழிலின் சட்டம். என்னைப்போல் கிரீஸில் குளித்துக் காலம் தள்ளும் சகோதரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ரெண்டே சீட்டு

தேனியில் எனக்கு ஜீப் ஒர்க்‌ஷாப். போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் அண்ணாச்சி ஒருநாள் லாரியில் ஒரு பழைய காரைக் கொண்டுவந்து இறக்கினார். இத்தாலியில் ஏதோ ஒரு சின்னப் பட்டறை பந்தயத்துக்கென்றே செய்ததாம். கூரை கிடையாது, சீட்டு இரண்டே இரண்டு. எஸ்டேட் ஷெட்டில் கிடந்ததை ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர் பாண்டி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ரெண்டு பேருக்கு இம்புட்டுப் பெரிய இஞ்சினா? என் ஜீப்புல நான் கியர் போடவே மூணு பேரு நகந்து குடுக்கணும்ணே."

ஃபேன் எங்கே?

ஒருவழியாக ஓட வைத்துவிட்டேன். ஆனால் ரேடியேட்டர் ஃபேனைக் காணோம். பிரௌசிங் சென்டருக்குப் போய் அந்த இத்தாலிப் பட்டறைக்கே மெயில் போட்டேன். ஃபேன் தொலையவில்லை, நாங்கள் வைக்கவே இல்லை, வேகமாகப் போனால் வருகிற காற்றே போதும் என்று பதில் வந்தது.

தேனியில் நடக்கவிருந்த தன் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான் என்று உத்தமபாளையத்துச் சம்பந்தியிடம் அண்ணாச்சி பெருமையடித்திருந்தார். நாதஸ்வரத்துக்குப் பின்னால் நத்தையாக நகர வேண்டும். வேறு ஃபேன் பொருத்தவும் இடமில்லை. அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இத்தாலியில மாப்பிள்ளை அழைப்பே கிடையாது போல. நீ ஓட்டுய்யா, பாத்துக்கலாம்."

நிற்கக் கூடாத வண்டி

மாப்பிள்ளையைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு புறப்படும்போது அவருடைய அம்மா என் காதருகே வந்து, "மாப்பிள்ளை வண்டி வழியில நின்னா சகுனம் ஆகாதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். பாதி வழியிலேயே வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. நாதஸ்வரக்காரரோ கூட்டத்தைப் பார்த்த குஷியில் நின்று நிதானமாக வாசிக்கிறார். வண்டி நின்றால் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கே கெட்ட சகுனம், அதுவும் என் கையால். எனக்கு அழுகையே வந்துவிட்டது. குலசாமியைக் கும்பிட்டு, மேளக்காரர்கள் ஒதுங்கிய இடைவெளியில் ஆக்சிலேட்டரை மிதித்தேன். பக்கத்திலிருக்கும் அல்லிநகரம் வரை போய்ச் சுற்றிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தபோது முள் இறங்கியிருந்தது. மாப்பிள்ளையின் தலைப்பாகையைக் காணோம், மாலையில் நார்தான் மிச்சம். வாசலில் கரண்டியோடு சமையற்காரர் மட்டும் நின்றார்.

வெகுநேரம் கழித்து ஊர்வலம் வந்து சேர்ந்தது. அண்ணாச்சி முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா நேராக என்னிடம் வந்தார்.

"வழியில நின்னுச்சா?"

"எங்கனயும் நிக்கலத்தா."

மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"பள்ளிக்கூடம் போன நாள்ல இருந்து இவன் எங்கனயும் நேரத்துக்குப் போனதில்லய்யா. இன்னைக்குத்தான் எல்லாருக்கும் முன்னால வந்திருக்கான். ஆரத்தி எடுங்கடி!"

ஜெயிப்பதற்கென்றே பிறந்த அந்தக் கார் எங்கள் ஊரில் ஓடிய ஒரே பந்தயத்தில் முதலாவதாக வந்தது, இரண்டாவதாக வந்தது நாதஸ்வரம்.