பாயைப் பங்கிட்டவன்

பென்னலூரில் நாங்கள் எட்டுப் பேர் தங்கியிருந்த அறையில் நாலு பாய் விரிக்கத்தான் இடம். ஆளுக்கொரு கம்பெனி, எனக்குக் கார் கம்பெனியில் கதவுக்கு போல்ட் முடுக்குகிற வேலை. அறைக்கு வந்தால் தூக்கம்தான். ஒரு பாய்க்கு இரண்டு பேர், ஒருவன் வேலைக்குப் போனால் மற்றவன் படுப்பான். என் பாயின் பங்காளி திருநெல்வேலிக்காரன். வாசலில் செருப்பு மாட்டுகிற நேரத்தில்தான் பார்த்துக்கொள்வோம். "பாய் சூடா இருக்கால?" என்பான். "உனக்காக அடைகாத்தேம்ல" என்பேன். எங்கள் சிநேகம் அவ்வளவுதான்.

காய்ச்சலில் விழுந்த அந்த வாரம் நான் மிதந்துகொண்டிருந்தேன். செம்பரம்பாக்கம் ஏரி கதவிடுக்கில் நுழைந்து அறையை நிறைத்தது. பாய் மெல்ல எழும்பியது. மின்விசிறியிலிருந்து கார்க் கதவுகள் வரிசையாக இறங்கின, நான் ஒவ்வொன்றாக போல்ட் முடுக்கினேன். பொய் சொல்லக் கூடாது, சுகமாகவே இருந்தது.

என் கை காற்றில் திருகியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அறையில் தூக்கத்திலும் கம்பெனி லைன் ஓட்டாதவன் யார்? ஒரு மத்தியானம் வீட்டுக்கார அம்மாவை சூப்பர்வைசர் என்று நினைத்து ஓவர்டைம் கேட்டபோதுதான் பதறினார்கள். "இன்னாபா, புள்ளைக்குப் புத்தி பெரண்டுகீது. பஸ் ஏத்தி ஊருக்கு அனுப்பிடுங்க" என்றார் அந்தம்மா. என் பையைக் கட்டியே விட்டார்கள். பங்காளிதான், முதலில் டாக்டரிடம் காட்டுவோம் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

டாக்டர் நாக்கைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமையில இருந்து கிழமைய தலைகீழா சொல்லிட்டு வா" என்றார்.

"ஞாயிறு, சனி..." ஜன்னலுக்கு வெளியே ஏரி பளபளத்தது. அதைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். மறுபடி கேட்டார். "பி ஷிப்ட், சார்" என்றேன்.

"வழக்கமா எப்படி இருப்பான்? எப்பலேர்ந்து இப்படி?"

கூட வந்தவர்கள் பங்காளியை முன்னால் தள்ளினார்கள். அவன் சொன்னான்: "முந்தாநேத்து வரைக்கும், பாய் சூடா இருக்கான்னு கேட்டா காய்ச்சலோட பதில் சொன்னாம் சார். நேத்து சாயங்காலம் என்னையே தெரியல. இன்னைக்குக் காலையில ஒழுங்கா சொன்னான். மத்தியானம் மறுபடியும் போச்சு."

"திடீர்னு வந்திருக்கு, வந்து வந்து போகுது, கவனம் நிக்கல. இது பைத்தியம் இல்லப்பா, ஜன்னி. காய்ச்சலோட வேலை. பஸ்ல ஏத்தினா ஊர் போய்ச் சேர மாட்டான். உடனே பெட்ல சேருங்க."

ரத்தத்தைச் சோதித்தார்கள். டைபாய்டு. கொஞ்சம் கொஞ்சமாக ஏரி வடிந்தது.

புத்தி தெளிந்த காலையில் கட்டிலருகே வெறுந்தரையில் பங்காளி படுத்திருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் பாயை விட்டு எழவே இல்லையே. "அவ்வளவு நாளும் நீ எங்கல படுத்த?" என்று கேட்டேன்.

"தரையிலதான். நீதான் எடத்தக் காலி பண்ணவே இல்லியே" என்றான். பிறகு எழுந்து உட்கார்ந்து, "பாய் சூடா இருக்கால?" என்றான்.

பதில் தெரிந்திருந்தது. அழுகையில் பேச்சு வரவில்லை. அவன் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட ஓடினான்.