குழம்பு மீன்

ஓசியில் வருகிற எதையும் நான் நம்புகிற ஆள் இல்லை. ராயபுரத்தில், துறைமுகச் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சும்மா செய்து தருகிறேன் என்று வருகிறவன் கடைசியில் எதில் கை வைப்பான் என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே பாதி வேலை. அதனால் நைனாவுக்காக அந்த இலவசச் செயலியைப் போனில் இறக்கியபோது எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, சந்தேகம்தான்.

நைனா என்று நான் கூப்பிடுவது என் அப்பாவை. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். விசைப்படகு கரைக்கு வந்ததும் கூடைகளை வரிசையாக வைத்து, சுற்றி நிற்கும் வியாபாரிகளிடம் விலையை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஐஸ் உடைக்கிற சத்தம், ஆட்டோ ஹாரன், மீன்காரம்மாக்களின் பேரம் எல்லாவற்றுக்கும் மேலே அவர் குரல் தனியாகக் கேட்கும். வீட்டிலும் அதே குரல்தான். எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம் என்று அம்மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாளில் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "அது வேணாங்குது, வுட்டுரு. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று முடித்தார். அவர் மூணு தரம் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அந்தக் குரலுக்குத்தான் வந்தது. தொண்டையில் புற்று. குரல்பெட்டியை எடுத்தால் ஆள் பிழைப்பார், பேச மாட்டார் என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் நர்ஸ் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆபரேஷனுக்கு முன்னாடி அவர் குரலைப் பதிவு பண்ணி வெச்சிக்கோங்க" என்றார். இவ்வளவு பயனுள்ள யோசனையை அந்த ஆஸ்பத்திரியில் வேறு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, போனை அவர் முன்னால் வைத்துப் பதிவு செய்தோம். முதலில் விலைகள். நூறு, இருநூறு என்று ஆரம்பித்து ஏலத்தில் வருகிற எல்லாம். "மேல கேளு", "யார்பா அது", ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். பிறகு வீட்டுக்கு வேண்டியவை. தண்ணி குடு, வலிக்குது, ஃபேன் போடு. அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னிய கூப்புட மாட்டியா அதுல?" என்று கேட்டாள். நைனா அவளைப் பார்க்காமல் போனைப் பார்த்தபடி, "இந்தாமே" என்றார். அம்மாவை அவர் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எல்லாம் முடிந்தது என்று நான் போனை எடுக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தி, நான் கேட்காமலே இன்னொன்று சொன்னார். "குழம்புக்கு எடுத்துக்கினு போ."

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். துறைமுகத்தில் யாராவது ஒரு கை கொடுத்தால், அதாவது கயிறு பிடித்தாலோ, கூடை தூக்கிவிட்டாலோ, சேற்றில் மாட்டிய வண்டியைத் தள்ளிவிட்டாலோ, கை நிறைய மீன் அள்ளி ஒரு கவரில் போட்டுக் கொடுப்பார்கள். அது குழம்பு மீன். கூலி இல்லை. தர்மமும் இல்லை. கொடுப்பவர் எடை போட மாட்டார், வாங்குபவர் என்ன மீன் என்று பார்க்க மாட்டார். ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால், உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த நைனா, டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மாதக்கணக்கில் அப்படித்தான் இருந்தார். படகு ஓனர் நல்ல மனிதர்; தற்காலிகமாக ஒருவரை ஏலத்துக்கு வைத்துக்கொண்டு, "அவரு எப்ப வந்தாலும் அவரு எடம் கீது" என்று சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டும் நைனா திரும்பவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்புவது எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது.

பதிவு செய்த குரலை வைத்து என்ன செய்வது என்று தேடினேன். பேச முடியாதவர்களுக்கான செயலிகள் நிறைய இருந்தன. காசு கொடுத்து வாங்கியதில் மாதா மாதம் வாடகை. அதிலிருந்து ஒரு கான்வென்ட் டீச்சர் பேசினாள். நைனா ஒரு தடவை அழுத்திக் கேட்டுவிட்டுப் போனை என் மடியில் வைத்துவிட்டார். பிறகுதான் இந்த இலவசச் செயலி கண்ணில் பட்டது. திரை முழுக்கப் பெட்டிப் பெட்டியாகப் பொத்தான்கள். எந்தப் பொத்தானில் எந்தக் குரலை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். விளம்பரம் இல்லை. அதன் நிரல் முழுவதும் எல்லோரும் பார்க்கவும் திருத்தவும் திறந்தே கிடந்தது. யாரோ ஒருவர், ஏதோ ஒரு குளிர்தேசத்தில், ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் தனியாக உட்கார்ந்து செய்திருக்கிறார்.

நைனாவின் குரல்களை எல்லாம் அதில் ஏற்றி, கழுத்தில் மாட்டுகிற ஒரு சின்ன ஸ்பீக்கரோடு இணைத்துக் கொடுத்தேன். அவர் முதலில் அழுத்தியது "இந்தாமே". அடுப்படியில் பாத்திரம் விழுந்தது.

ஆனால் ஏலத்துக்கு அது சரிப்பட்டு வரவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தக் குரல் முழுதாகப் பேசி முடித்த பிறகுதான் அடுத்தது பேசும். வியாபாரிகள் ஐந்நூறுக்குப் போயிருப்பார்கள், நைனாவின் கழுத்து இன்னும் முந்நூறு என்று இழுத்துக்கொண்டிருக்கும். அதை மாட்டிக்கொண்டு கரைக்குப் போன அன்றைக்கே பாதி ஏலத்தில் இறங்கி வந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குளிர்தேசத்துக்காரருக்கு நீளமாக ஒரு மெயில் எழுதினேன். பதில் வரும் என்று நினைக்கவே இல்லை. மறுநாளே வந்தது. ஏலம் எப்படி நடக்கும் என்று கேட்டிருந்தார். விவரமாக எழுதினேன். ஒரு வாரம் போல ஆனது. அடுத்த பொத்தானை அழுத்தினால் பழைய குரல் சட்டென்று நின்றுவிடும்படி மாற்றி அனுப்பினார்.

நைனா திரும்பப் போய்விட்டார். இந்தத் தடவை முதல் நாள் நானும் கூடப் போனேன். அவர் குரல் தடுமாறாமல் கழுத்திலிருந்து கிளம்பி ஐஸ் சத்தத்துக்கு மேலே ஏறியபோது, அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த மீன்காரம்மாக்கள் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார்கள். அப்புறம் ஒருத்தி, "இன்னா மாமு, பேட்டரி போட்டுகினு வந்துட்டியா" என்றாள். நைனா சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் சத்தம் இல்லை, ஆனால் எனக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்ததும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். "மெஷின் செஞ்சவனுக்கு மீன் குடுக்கணும்."

"கருவாடு கட்டி அனுப்பலாமா?" என்றாள் அம்மா. கஸ்டம்ஸில் கருவாட்டுப் பார்சல் படுகிற பாட்டை நான் அறிவேன். வேண்டாம் என்றேன். செயலியின் ஓரத்தில், பிடித்திருந்தால் டீ செலவுக்கு ஏதாவது கொடுங்கள் என்கிற மாதிரி ஒரு சிறிய பொத்தான் இருந்தது. அதில் பணமாக அனுப்பலாம் என்று முடிவானது. எவ்வளவு என்பதை நைனாதான் சொன்னார். ஒரு கவர் குழம்பு மீன் அன்றைக்கு என்ன பெறுமோ, அது. என் கார்டு வெளிநாடு என்றதும் முரண்டு பிடித்தது. பேங்குக்காரர்களோடு போராடி ஒரு வழியாக அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பணம் திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு குறிப்பு. பேச முடியாத தன் தம்பிக்காகத்தான் இந்தச் செயலியைச் செய்தாராம். இது தேவைப்படுகிற குடும்பங்களிடம் பணம் வாங்க மனம் வரவில்லை, மருத்துவச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். நல்ல மனசு. ஆனால் அதை நைனாவிடம் அப்படியே படித்துக் காட்டியிருக்க வேண்டியதில்லை.

அவர் கழுத்திலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். தாளை எடுத்து எழுதினார். "வேலை செஞ்சிட்டு மீன் வேணாம்னா, நான் இன்னா பிச்சைக்காரனா? இது எனக்கு வேணாம்."

"அந்தாளுக்கு நம்ம பழக்கம் இன்னா தெரியும்? வுடு நைனா" என்றேன். திரும்பிச் சுவரைப் பார்த்தார். மறுநாள் ஏலத்துக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. ஓனர் போன் செய்தபோது அம்மா, "ஒடம்பு சரியில்ல" என்று பொய் சொன்னாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. நோயிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த மனிதரை ஒரு நல்லெண்ணத்திடம் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்தேன். இன்னொரு முறை எழுந்து வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆபீஸில் உட்கார்ந்து அந்த மனிதருக்கு மெயில் எழுதினேன். முதலில் எழுதியது சண்டை, அழித்துவிட்டேன். பிறகு குழம்பு மீன் என்றால் என்ன என்று பொறுமையாக எழுதினேன். நீங்கள் எங்கள் படகின் கயிற்றைப் பிடித்திருக்கிறீர்கள், பிடித்தவர் வெறுங்கையோடு போனால் படகுக்காரருக்குத்தான் அவமானம் என்று எழுதினேன். நீங்கள் எவ்வளவு நல்ல மனதோடு கொடுத்தாலும் எங்களுக்குத் தர்மம் வேண்டாம் என்றும் எழுதினேன். அதுவும் போதாது என்று பட்டது. "குழம்புக்கு எடுத்துக்கினு போ" என்ற பதிவைத் தேடி எடுத்து மெயிலோடு சேர்க்கப் போனேன். சரியான பதிவுதானா என்று ஒரு தடவை காதில் வைத்துக் கேட்டேன். கையைப் பிடித்து நிறுத்தி அதைச் சொன்ன நைனா நினைவுக்கு வந்தார். அங்கேயே அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னவென்று கேட்கும்போதே பதிவைச் சேர்த்து மெயிலை அனுப்பிவிட்டேன்.

பதில் சீக்கிரமே வந்தது. அந்தக் குரல் சொன்னதில் ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் பணத்தைத் திருப்பி அனுப்பியது தப்பு என்று மட்டும் புரிந்தது, தயவுசெய்து மறுபடி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். அனுப்பினேன். அடுத்த மெயில் கொஞ்சம் நீளம். அவர் ஊரில் கடல் இல்லையாம். அந்தப் பணத்தில் ஐஸில் வைத்த மீன் வாங்கிச் சமைத்தாராம். தம்பி இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டானாம். தம்பிக்கு நைனாவின் குரல் பிடித்துப்போய், தன்னுடைய செயலியில் அதை ஒரு பொத்தானாக வைத்துக்கொண்டானாம். யாராவது கதவைத் திறந்துவிட்டால், கோட்டு மாட்டிவிட்டால், அதை அழுத்துகிறானாம். அந்தத் தெருவில் எல்லோருக்கும் இப்போது அது நன்றி சொல்வது என்று தெரியுமாம்.

இதை நைனாவிடம் நிதானமாகப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கடல் இல்லாத ஊரில் தன் குரல் சுற்றிக்கொண்டிருப்பது அவருக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் தாளை இழுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதினார்.

"சொல்லிட்டு மீன் குடுக்குறானா? வெறுங்கையா சொல்லக் கூடாதுனு சொல்லு."

இதையும் எழுதிக் கேட்டேன், வேறு என்ன செய்வது. பதில் ஒரே வரியில் வந்தது. தம்பி எப்போதும் பையில் பிஸ்கட் வைத்திருப்பான், அதை அழுத்தும்போது ஒன்று கொடுப்பான்.

"பிஸ்கட் குடுக்குறானாம் நைனா" என்றேன்.

அவர் தாளைத் தள்ளி வைத்தார். எழுந்து போய் ஃபிரிட்ஜ் மேலிருந்து ஸ்பீக்கரை எடுத்துக் கழுத்தில் மாட்டினார். போனை வாங்கி, பொத்தானைத் தேடி அழுத்தினார்.

"மூணு தரம்" என்றது அவர் குரல்.